15 வருஷம் ஆன தீயணைப்பு வண்டி என்ன ஆகும்? செகண்ட் ஹேண்டில் வாங்க முடியுமா?

கோடை தொடங்கினாலே திட்டக்குடி பக்கம் வைக்கோல் போர், கரும்புத் தோட்டம், கூரை வீடு என எங்காவது தீப்பிடித்த செய்தி வந்துவிடும். 101-க்கு போன் போட்டால் சிவப்பு வண்டி வரும். வண்டிக்கு என்ன வயசு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் சட்டம் கேட்கிறது.

விதி என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன்படி, 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. மாநில அரசு, நகராட்சி, ஊராட்சி, பொதுத்துறை நிறுவனம் என எல்லாருக்கும் இது பொருந்தும். பதிவு போன வண்டியை அங்கீகரிக்கப்பட்ட வாகன உடைப்பு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த வரியில் தீயணைப்பு வண்டி என்ற பெயர் இல்லை.

அப்போ பழைய வண்டி வாங்கலாமே?

அமெரிக்காவில் இது சகஜம். அங்கே சின்ன ஊர்களின் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள், பெரிய நகரங்கள் கழித்த வண்டிகளை வாங்கி ஓட்டுகின்றன. 15 வயது தாண்டிய, நன்றாகப் பராமரித்த வண்டியை மாற்று வண்டியாக வைத்துக்கொள்ளலாம், 25 வயதில் மாற்றிவிட வேண்டும் என்பது அங்குள்ள என்.எஃப்.பி.ஏ. அமைப்பின் பரிந்துரை. ஜப்பானும் பிரிட்டனும் பயன்படுத்திய வண்டிகளை வளரும் நாடுகளுக்கு நன்கொடையாகவே கொடுக்கின்றன.

இங்கே கதை வேற. 10 வயசான வண்டியை வாங்கினால் ஐந்தே வருஷத்தில் அதையும் உடைக்க அனுப்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டு வரலாம் என்றால், பயன்படுத்திய வாகன இறக்குமதிக்கு வயது வரம்பு மூன்று ஆண்டுதான். இலவசமாகக் கிடைத்தாலும் தலைவலி உண்டு. ஜப்பான் வண்டியின் ஹோஸ் இணைப்பு வேறு வகை. நம்ம ஊரில் புழங்குவது பிரிட்டிஷ் பாணியிலான 63 மி.மீ. இணைப்பு. அடாப்டர் இல்லாவிட்டால் தண்ணீர் இருந்தும் பீய்ச்ச முடியாது!

கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது

தீயணைப்பு வண்டி பெரும்பாலும் நிலையத்திலேயே நிற்கும். மீட்டரில் கிலோமீட்டர் கம்மியாக இருக்கும். ஆனால் சம்பவ இடத்தில் வண்டி நின்றபடியே இன்ஜின் மணிக்கணக்கில் பம்பை ஓட்டியிருக்கும். அந்தத் தேய்மானம் கிலோமீட்டரில் ஏறாது. அதனால் இன்ஜினும் பம்பும் எத்தனை மணி நேரம் ஓடின என்பதுதான் கணக்கு. தொட்டி உள்ளே துருப்பிடித்திருக்கிறதா, கிணற்றிலிருந்து பம்ப் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறதா, முழு அழுத்தத்தில் ஓடும்போது சூடேறுகிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. டயரில் பட்டன் இருந்தாலும் வருஷக்கணக்கில் நின்றால் ரப்பர் வெடிப்பு விட்டுவிடும்.

காலண்டரை மட்டும் பார்த்து வண்டியைக் கழிப்பதில் உள்ள குறை இதுதான். ஓய்ந்துபோன 12 வயசு வண்டி ஓடலாம். நல்ல நிலையில் உள்ள 16 வயசு வண்டி ஓடக் கூடாது.

திட்டக்குடிக்கு இதில் என்ன?

கிராமப்புறத்தில் 20 நிமிடத்துக்குள் முதல் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது தேசிய அளவிலான பரிந்துரை. விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடிக்கு சுமார் 30 கி.மீ. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தாலும் 36 நிமிடம் ஆகும். கூரை வீடு அவ்வளவு நேரம் தாங்காது. பழைய வண்டி போய், புதுசு வராத இடைவெளியில் எந்தக் கிராமப்புற நிலையம் மாட்டினாலும் இதே கணக்குதான்.

ஒரே வண்டி இருந்தாலும் சிரமமே. 4,500 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் 10 நிமிடத்தில் காலி. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க அது போயிருந்தால் தீக்கு யார் போவது? அந்த இரண்டாவது வண்டி இடத்துக்குத்தான் பழைய வண்டி பொருத்தமாக இருந்திருக்கும்.

புது வண்டிக்குப் பணம்?

மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த, மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 25 சதவீதம் போட வேண்டும். பணம் வந்தாலும் மறுநாளே வண்டி வராது. டெண்டர் விட்டு, சேஸிஸ் வாங்கி, அதன் மேல் தொட்டியும் பம்பும் பொருத்தி, சோதித்த பிறகே நிலையத்துக்கு வரும். அதனால் 15-வது வருஷம் முடியும்போது அல்ல, அதற்கு முன்பே ஆர்டர் போயிருக்க வேண்டும்.