வண்டி வருவது தெரிகிறது, வேகம் தெரிகிறதா?

கண் பரிசோதனை முகாமில் எழுத்துப் பலகையை 6 மீட்டர் தள்ளி மாட்டுவோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறொரு பலகை உண்டு. மூன்று கால் நீட்டிய ஒரே குறி அதில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பித் திரும்பி இருக்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். மணலூர்பேட்டைப் பக்கம் நடந்த ஒரு முகாமில், கண்புரை அறுவை முடிந்து வந்த ஒரு பாட்டி கடைசி வரிசை வரை பிசகாமல் காட்டினார்.

"நல்லாத்தான் தெரியுது ஆயா" என்றேன்.

"இது தெரியுதுப்பா. ரோட்டுல வண்டி வர்றதும் தெரியுது. என்னா வேகத்துல வருதுன்னுதான் புடிபடல."

கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பேச்சு மறக்கவே இல்லை. எங்கள் பலகை அசைவதில்லை. 6/6 என்று நாங்கள் எழுதித் தருவது நின்றிருக்கும் பொருளுக்கான சான்று மட்டும்தான். ஓடும் பொருளின் திசையையும் வேகத்தையும் அறிவதற்கு மூளையில் தனி இடம் இருக்கிறது. ஏறக்குறைய காதுக்குப் பின்பக்கம், சற்று மேலே, இரு புறமும் உள்ள அந்தச் சிறு பகுதியை ஆய்வாளர்கள் எம்.டி. என்று அழைக்கிறார்கள். வயது ஏற ஏற, பார்வை தெளிவாக இருக்கும்போதே அசைவை உணரும் கூர்மை மட்டும் குறைவதுண்டு.

அந்தப் பகுதி அடியோடு பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு பெண்மணி சாட்சி. 1978இல் மூளை ரத்தக் குழாய் அடைப்பால் இரு பக்கமும் பாதிக்கப்பட்டவர். ஜோசப் ஸீல் என்பவரும் சக ஆய்வாளர்களும் அவரைப் பற்றி 1983இல் எழுதினார்கள். அவருக்கு நிறம் தெரிந்தது, முகம் தெரிந்தது, எழுத்தும் தெரிந்தது. அசைவு மட்டும் போய்விட்டது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதுபோல் தெரியும்; மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது. தூரத்தில் நின்ற கார், சாலையைக் கடக்க அடி எடுத்து வைக்கும்போது திடீரென்று பக்கத்தில் இருக்கும். நடுவில் அது வந்த வழியே அவருக்கு இல்லை. பிறகு, சத்தம் கூடுவதை வைத்து வண்டியின் தொலைவைக் கணிக்கப் பழகிக்கொண்டார்.

இதற்கு நேர்மாறானதை எங்கள் ஊரில் வருஷா வருஷம் பார்க்கலாம். தை 5ஆம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை வருவார். சுற்று வட்டார சாமிகளும் ஆற்றுக்கு இறங்கும். கூட்டம் கரை கொள்ளாது. இதுபோன்ற விழாக்களில் சீரியல் செட் கட்டியிருப்பார்களே, மயில் தோகை விரிக்கும், சக்கரம் சுழலும். அங்கே ஒரு பல்புகூட நகர்வதில்லை. ஒன்று அணைய, பக்கத்தில் இன்னொன்று எரிகிறது. நகர்வை மூளை தானாக இட்டு நிரப்புகிறது. இதை முறையாக ஆராய்ந்து 1912இல் வெளியிட்டவர் மாக்ஸ் வெர்ட்ஹைமர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் வி. எஸ். ராமச்சந்திரன், ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸுடன் சேர்ந்து இதையே மேலும் துருவினார். எந்தப் புள்ளி எங்கே போயிருக்கும் என்பதில், உலகில் பொருட்கள் வழக்கமாக எப்படி நகருமோ அப்படியே மூளை ஊகித்துக்கொள்கிறது என்று இருவரும் காட்டினார்கள்.

ஆறு ஓடும் காலத்தில் பாலத்தின் மேல் நின்று ஓரிடத்தில் தண்ணீரையே அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு பார்வையைக் கரை மணலுக்குத் திருப்புங்கள். மணல் எதிர்த் திசையில் நகரும். கல்வராயன் மலைக்குப் போனால் பெரியார் அருவியிலும் இதைச் செய்து பார்க்கலாம். பக்கத்துப் பாறை மேலே ஏறும். ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு 1834இல் எழுதி வைத்தார் ராபர்ட் ஆடம்ஸ். கீழ்நோக்கிய அசைவுக்கென்று சில நரம்பணுக்கள், மேல்நோக்கியதற்குச் சில. ஒரு தரப்பு நெடுநேரம் வேலை செய்து ஓய்ந்தால் எதிர்த் தரப்பின் கை ஓங்குகிறது.

சரி, பார்த்ததை வைத்து முடிவெடுப்பது எப்படி? ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நியூசம் குழுவினர் குரங்குகளுக்கு ஒரு திரையைக் காட்டினார்கள். திரை நிறையப் புள்ளிகள் தாறுமாறாக அலையும். அவற்றில் கொஞ்சம் மட்டும் ஒரே திசையில் போகும். எந்தத் திசை என்று குரங்கு கண்ணை நகர்த்திக் காட்ட வேண்டும். எம்.டி. பகுதியில் குறிப்பிட்ட திசைக்கான அணுக்களுக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது, குரங்கின் தீர்ப்பே அந்தத் திசைப் பக்கம் சாய்ந்தது. 1990இல் வெளியான இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்பு. பின்னர் மைக்கேல் ஷாட்லென், தீர்ப்புக்கு முந்தைய நொடிகளைப் பதிவு செய்தார். மூளையின் இன்னொரு பகுதியில் அணுக்களின் துடிப்பு சிறிது சிறிதாக ஏறி, ஓர் அளவைத் தொட்டதும் முடிவு பிறக்கிறது. களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் நிறைந்து தலை தட்டினால்தானே கணக்குச் சொல்கிறோம், அதுபோல. காட்சி தெளிவாக இருந்தால் அரை விநாடிக்குள் நிறைந்துவிடும். மங்கலாக இருந்தால் ஏறக்குறைய இரு மடங்கு நேரம்.

சாலையில் உயிர் போவதும் பிழைப்பதும் அந்த நேரத்தில்தான். நம்மை நோக்கி நேராக வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதில்லை. அது பெரிதாகும் வேகம் ஒன்றுதான் மூளைக்குக் கிடைக்கும் முக்கியமான துப்பு. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள், அதன் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. 100 மீட்டர் தள்ளி வரும் காரும் அவ்வளவுதான் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு விநாடியில் 17 மீட்டர் நெருங்கிவிடும். ஆனால் கண்ணுக்கு 1 டிகிரி 1.2 ஆகும், அவ்வளவே. அதே கார் 33 மீட்டரில் இருந்தால் அடுத்த விநாடியில் 3 டிகிரி 6 ஆகிவிடும். அப்போது தெரிந்து என்ன பயன்? குழந்தைகளுக்கு இது இன்னும் கடினம். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டியின் நெருக்கத்தை ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளால் நம்பகமாக உணர முடிவதில்லை என்று ஜான் வான் குழுவினர் 2011இல் கண்டறிந்தார்கள். "பாத்துப் போ கண்ணு" என்று சொல்லி அனுப்புகிறோம். பிள்ளை பார்த்துவிட்டுத்தான் போகிறது.

இரவில் ஒற்றை விளக்கோடு வரும் பைக்குக்கு அகலமே கிடையாது, ஒரு புள்ளிதான். அதைவிட எனக்குப் பெரிய கவலை கரும்பு வண்டிகள். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில், பின்னால் சோகை தொங்க, ஒரு விளக்கும் தெரியாமல் டிராக்டர்கள் மெல்ல ஊர்ந்து போகும். திருவிழாக் கூட்டமும் அதே தை மாதத்து இரவுகளில்தான் அந்தச் சாலைகளில் ஏறுகிறது. பின்னால் பைக்கில் வருபவரின் மூளைக்கு அங்கே துப்பே இல்லை. இரு ஓரத்திலும் ஒவ்வொரு சிவப்பு ஒளி இருந்தால், நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையிலான இடைவெளி விரியும். முன்னால் மெதுவாக ஒன்று போகிறது என்று மூளை கணக்கிட அது உதவும்.

ஆகவே கரும்பு ஏற்றும் விவசாயிகளிடமும் டிராக்டர் உரிமையாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: லோடு கட்டி முடித்ததும் டிரெய்லரின் பின்பக்கம் இரு ஓரத்திலும் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கரோ விளக்கோ சோகைக்கு வெளியே தெரியும்படி கட்டுங்கள். நடுவில் ஒன்று போதாது, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். பள்ளி வாசலில் வண்டி ஓட்டுபவர்கள் 30ஐத் தாண்டாதீர்கள். பிள்ளைகளோடு சாலையைக் கடக்கும்போது கையை விடாதீர்கள்.