பூட்டிய படமும் பூட்டிய உலாவியும்

கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்னும் நிறுவனமாக மாறிய பின்னரும் கட்டற்ற மென்பொருளையே பேணி வருவதால், கொச்சியின் பள்ளுருத்தியிலும் மாநிலத்தின் பிற இடங்களிலும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிக் கணினிக்கூடங்களில் லினக்ஸ் இயங்குதளமே வழக்கமாகிவிட்டது. நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள்; ஆனால் அத்தகைய கணினியில் கட்டணத் திரைப்படத் தளமொன்றைத் திறந்தால், அக்கொள்கைக்கே மாறான ஒரு கூறு உள்ளே வர அனுமதி கேட்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் படத்தை மறையாக்கம் செய்து, அதாவது சாவியின்றித் திறக்க இயலாத வடிவில், அனுப்புகின்றன. அதைத் திறந்துகாட்டும் கூகுளின் வைட்வைன் கூறு மூடிய நிரலால் ஆனது. உலாவியும் இத்தகைய கூறுகளும் தொடர்புகொள்ளும் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 செப்டம்பர் 18 அன்று தரமாக ஏற்றபோது, இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதை எதிர்த்து அன்றே கூட்டமைப்பிலிருந்து விலகியது.

இக்கூறு வேண்டுமா என்பதை ஃபயர்ஃபாக்ஸ் உலாவி நிர்வாகியின் கையிலும் விட்டிருக்கிறது. நிறுவனக் கணினிகளுக்கான விதிகளை எழுதிவைக்கும் கோப்பில் மறையாக்க ஊடகத்தை முடக்கினால், பயனர் இசைந்தாலொழிய வைட்வைன் பதிவிறங்காது. அந்த விதியையே பூட்டியும் விட்டால், உலாவி இசைவைக் கேட்பதுகூட இல்லை. லினக்ஸில் அக்கோப்பு கணினியின் தலைமை உரிமையுடையவர் மட்டுமே மாற்றக்கூடிய அடைவில் இருப்பதால், மாணவர் அதைத் தளர்த்த முடியாது.

இதனால் காணொளியே நின்றுவிடும் என்று கருதுவோர் ஏமாறுவர். யூடியூபின் பெரும்பாலான இலவசக் காணொளிகளுக்கு இக்கூறே தேவையில்லை. 2020 ஜூன் 1 அன்று கைட்டின் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையில் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் பாடங்களை, பூட்டிய உலாவியிலும் யூடியூபில் காணலாம். இணைய வேகத்தைக் காக்க விரும்பும் நிர்வாகி வலையமைப்பு மட்டத்தில் வடிகட்டுவதே பொருத்தம்; வைட்வைனைத் தடுப்பதன் பயன், மூடிய நிரலொன்று உள்ளே வராமையே.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கில் காப்புப் பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறதேயன்றி, பூட்டிய படத்தைக் காட்ட மறுக்கும் கணினியைக் குற்றமாக்கவில்லை. ஆசிரியர் ஒருவருக்குக் கட்டணத் தளத்தின் ஆவணப்படம் வகுப்புக்குத் தேவைப்படுமென்றால், முடக்கத்தை வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் நீக்கலாம். அப்போது உலாவி அவரிடம் இசைவு கேட்கும்.