அழுகையும் எதிர்நோக்கும்: தமிழ் இரங்கல் மரபின் பின்னணியில் கிறித்தவ மரண ஆறுதல்

ஆய்வுச் சுருக்கம்

இறப்பின்முன் கிறித்தவம் தரும் ஆறுதல், உயிர்த்தெழுதல் பற்றிய எதிர்நோக்கை அடிப்படையாகக் கொண்டது. அவ்வெதிர்நோக்கு உடையோர் அழலாகாது என்னும் கருத்தும் அதனோடு சேர்த்து வழங்கப்படுவதுண்டு. விவிலியப் பகுதிகள், வீரமாமுனிவரின் தேம்பாவணி, ஜான் பன்யனின் உருவகக் கதை ஆகியவற்றில் இடம்பெறும் உறக்கம், மலர், ஆறு என்னும் மூன்று படிமங்களைத் தமிழ் இரங்கல் மரபோடு ஒப்பிட்டு, அக்கருத்து இப்பனுவல்களுக்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கையறுநிலை, காஞ்சி, எதிர்நோக்கு, உயிர்த்தெழுதல், தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம்.

முன்னுரை

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கன்வழித் தோன்றும் என்பர் தொல்காப்பியர். அவற்றுள் இழவு என்பது உற்றாரையும் உடைமையையும் இழத்தல். இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவதைக் கையறுநிலை எனப் பெயரிட்டுக் காஞ்சித்திணையின் துறைகளுள் அவர் வைத்தார். காஞ்சி உலகின் நிலையாமையைப் பொருளாகக் கொண்ட திணை. ஆகவே தமிழ் மரபில் இறப்புக்கான அழுகையும் நிலையாமை உணர்வும் தொடக்கம் முதலே அருகருகே நிற்கின்றன. ஒரு மனையில் சாப்பறையும் பிறிதொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் கண்டு வருந்தும் பக்குடுக்கை நன்கணியார், அவ்வுலகின் இயல்பு உணர்ந்தோர் அதில் இனியவற்றைக் காண வேண்டும் என்கிறார் (புறம். 194). இயல்பை அறிந்து தேறுதலே இம்மரபு காட்டும் ஆறுதல்.

இம்மண்ணில் கிறித்தவம் வேறோர் ஆறுதலை முன்வைத்தது. இறப்பு உலகின் இயல்பு என்பதோடு அது நிற்கவில்லை. இறப்பு தோற்கடிக்கப்படும் என்றது. அங்ஙனமாயின் அழுகைக்கு அங்கு இடம் உண்டா? இறப்பு நிகழ்ந்த வீடுகளில், அழுவது விசுவாசக் குறைவு என்று கூறித் துயருற்றோரைத் தேற்ற முயலும் வழக்கம் இன்றும் உள்ளமையால், இவ்வினா இலக்கியத் தளத்தோடு நின்றுவிடுவதன்று.

எதிர்நோக்கு என்னும் சொல்

சீர்திருத்தத் திருச்சபையினர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் தமிழ் வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மூன்று பண்புகளைக் கூறும். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அம்மூன்றையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு எனப் பெயர்க்கிறது. முன்னதில் இரண்டாம் பண்பைக் குறித்த 'நம்பிக்கை' என்னும் சொல், பின்னதில் முதற்பண்பைக் குறிக்கிறது. இரண்டாம் பண்புக்கு அமைந்த 'எதிர்நோக்கு' என்னும் சொல், இன்னும் வாராத ஒன்றை நோக்கியிருத்தலைத் தெளிவாக உணர்த்துகிறது. எதிர்நோக்கப்படுவது கையில் கிட்டியதன்று. ஆதலின் எதிர்நோக்கு என்னும் சொல்லிலேயே ஓர் இல்லாமையும் அடங்கியுள்ளது. இறந்தவர் இப்போது உடன் இல்லை என்பதை மறுக்காமலேயே அவரை மீண்டும் காண்போம் எனக் காத்திருத்தலே கிறித்தவ எதிர்நோக்கு. இக்கட்டுரையும் இச்சொல்லை அப்பொருளிலேயே ஆளுகிறது.

விவிலிய அடிப்படை

தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதிய முதல் மடல் கி.பி. 50ஐ ஒட்டி எழுந்தது. கிறித்துவின் வருகைக்கு முன்னரே தம்மவர் சிலர் இறந்தமை கண்டு கலங்கிய மக்களுக்கு அதன் நான்காம் இயல் விடை கூறுகிறது. எதிர்நோக்கு இல்லாத மற்றவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்பதே பவுலின் அறிவுரை. இத்தொடரில் விலக்கப்படுவது எதிர்நோக்கு அற்ற துயரம். துயரம் முழுவதும் அன்று. 'போல' என்னும் உவமச்சொல்லை விடுத்து இதனைப் படிப்போர், அழுகையே விலக்கப்பட்டதாகக் கருத நேர்கிறது.

யோவான் நற்செய்தியின் பதினொன்றாம் இயல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. இலாசரை உயிர்ப்பிக்கவே இயேசு பெத்தானியா செல்கிறார். நிகழப்போவதை அறிந்திருந்தும், அழுவோரைக் கண்டு உள்ளம் கலங்கிக் கண்ணீர் விடுகிறார். எதிர்நோக்கு அழுகையை நீக்கிவிடும் என்பது உண்மையாயின், அக்கல்லறையின் முன் அழுவதற்கு அவரினும் காரணம் குறைந்தவர் எவரும் இலர். மேலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பதினைந்தாம் இயலில் பவுல் சாவைக் கடைசிப் பகைவன் என்கிறார். பகைவனால் நேர்ந்த இழப்பு அழுகைக்கு உரியதே.

உறக்கம்

இறந்தோரை உறங்குவோராகக் கூறுவது மேற்காட்டிய மடல்களின் வழக்கு. தமிழ்க் கிறித்தவரின் இரங்கல் அறிவிப்புகளில் காணப்படும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்னும் தொடர் இவ்வழக்கின் தொடர்ச்சி. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இடுகாட்டைக் குறிக்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லும் உறங்குமிடம் என்றே பொருள்படும்.

இவ்வுவமை தமிழுக்குப் புதிதன்று. நிலையாமை அதிகாரத்தில் திருவள்ளுவர் சாக்காட்டை உறக்கத்திற்கும், பிறப்பை உறங்கி விழித்தலுக்கும் ஒப்பிடுகிறார் (குறள் 339). உவமை ஒன்றாயினும் கருத்து வேறுபடுகிறது. குறளில் உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வருவன. அச்சுழற்சியை உணர்ந்து உலகப் பற்றைத் தளர்த்துவதே அதன் நோக்கம். கிறித்தவ வழக்கில் விழிப்பு ஒருமுறையே நிகழ்வது. உறங்கியவரே, அதே பெயரோடும் உறவோடும் எழுவார் என்பது நம்பிக்கை. ஆகவே குறளின் உவமை பற்றைத் தளர்த்த, கிறித்தவ உவமை பற்றைக் காத்திருப்பாக மாற்றுகிறது. பற்று நீங்காத இடத்தில் பிரிவின் வலியும் நீங்குவதில்லை. உறக்கம் என்னும் சொல்லை, அழுகையை அடக்கும் இடக்கரடக்கலாக மட்டும் கொள்ளுதல் இதனால் பொருந்தாது.

மலர்

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயில் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாடல் (புறம். 242), சூடுவாரற்ற நாட்டில் நீயும் பூத்தனையோ என்னும் பொருள்பட முல்லையை வினவுகிறது. மனிதத் துயரை அறியாமல் இயற்கை தன் போக்கில் இயங்குகிறது என்னும் உணர்வே இப்பாடலின் துயரை மிகுவிக்கிறது.

1726ஆம் ஆண்டில் நிறைவுற்ற, 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் வீரமாமுனிவர் (1680–1747) இம்மரபை எடுத்தாண்டு மாற்றியமைக்கிறார். திருமுழுக்கு யோவான் இக்காப்பியத்தில் கருணையன் எனப்படுகிறான். தாய் எலிசபெத்துடன் கானகத்தில் வாழ்ந்த அவன் அங்கே அவளை இழக்கிறான். அவளது இறப்பு நற்செய்தி நூல்களில் இல்லாத செய்தி. அதனைக் காப்பியத்துள் அமைத்து, இறைவாக்கினன் ஒருவனையே புலம்பச் செய்தது கவிஞரின் தேர்வு. தாயின் வாய்மொழியை மழையாகக் கொண்டு வாழ்ந்த தான், துளியின்றி மணி பிடிக்கும் முன்னரே காய்ந்த இளம்பயிர் போலானதாக அவன் அரற்றுகிறான். கொம்பிலிருந்து கொய்த பூப்போல அவன் உள்ளம் வாடுகிறது. உயிர்வாழும் முறை அறியேன், காட்டில் செல்லும் வழி அறியேன் என அவன் அடுக்கும் சொற்கள், துணையிழந்த சிறுவனின் நடைமுறைத் தவிப்பையும் புலப்படுத்துகின்றன. இறுதியில் கானகத்து மரங்களும் மலர்ச்சுனைகளும் அவனோடு அழுவன போல ஒலிக்கின்றன.

புறநானூற்று முல்லை துயருறுவாரோடு சேர்வதில்லை. தேம்பாவணியின் கானகம் சேர்ந்து அழுகிறது. படைப்பு முழுவதும் விடுதலையை எதிர்நோக்கிப் பெருமூச்செறிகிறது என்னும் உரோமையர் மடலின் கருத்தோடு (இயல் 8) இதனை ஒப்பிடலாம். அடக்கம் செய்யும் காட்சி இதனினும் கருதத்தக்கது. கருணையன் கைகுவித்து நிலத்தை விளித்து, தன் தாயின் உடலை அன்போடு காக்குமாறு வேண்டுகிறான். மலர்ப்படுக்கை விரித்து உடலை மண்ணுள் அடக்கி, அதன்மீது மலர்களையும் கண்ணீரையும் ஒருசேரப் பொழிகிறான். காக்க என ஒப்படைக்கப்படும் பொருள் மீளப் பெறற்கு உரியது. விதைக்கப்பட்ட உடல் அழியாமையில் எழும் என்னும் பவுலின் விதை உவமையோடு இவ்வேண்டுதல் இயைகிறது. எதிர்நோக்கைச் சொல்லும் அதே பாடலில் கண்ணீரும் இடம்பெறுகிறது. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை.

ஆறு

கணியன் பூங்குன்றனார் வாழ்வைப் பெருக்கெடுத்தோடும் ஆற்றின் வழிச்செல்லும் புணையாகக் கண்டார் (புறம். 192). நீரின் போக்கை ஏற்றுச் செல்வதே அங்கு அமைதி தருகிறது. 1678இல் வெளிவந்த பன்யனின் உருவகக் கதையிலோ, ஆறு கடக்க வேண்டிய இடையீடு. இக்கதையைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. 3766 பாடல்கள் கொண்ட இந்நூல்வழி, வாழ்வை வான்நகர் நோக்கிய பயணமாகக் காணும் பார்வை தமிழ்க் காப்பிய வடிவம் பெற்றது.

பன்யனின் மூலக்கதையில் நகர்வாயிலுக்கு முன் ஓடும் ஆற்றுக்குப் பாலம் இல்லை. கதைத்தலைவன் கிறிஸ்தியான் அதில் இறங்கியதும் மூழ்கத் தொடங்குகிறான். இருளும் அச்சமும் அவனைச் சூழ்கின்றன. தான் நகரைக் காணப்போவதில்லை என்றே எண்ணுகிறான். எதிர்நோக்கின் உருவகமான உடன்பயணி அவன் தலையை நீர்மேல் தாங்கி, தன் கால்களுக்குத் தரை தட்டுப்படுவதாகக் கூறித் தேற்றுகிறான். இத்துன்பங்கள் இறைவன் கைவிட்டதன் அடையாளம் அல்ல என்றும் உரைக்கிறான். இருவரும் கரையேறுகின்றனர். அவர்களுக்குப் பின்னர் வரும் அறியாமை என்பவனோ, வீண் நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் துணையால் எளிதாக ஆற்றைக் கடக்கிறான். ஆயினும் நகருள் அனுமதி பெறவில்லை.

இம்முரண் பன்யனின் மரணச் சிந்தனைக்குத் திறவுகோல். அஞ்சி மூழ்கியவன் ஏற்கப்படுகிறான். கலக்கமின்றிக் கடந்தவன் மறுக்கப்படுகிறான். இறக்குந் தறுவாயில் ஒருவர் கொள்ளும் அச்சமோ அமைதியோ அவரது விசுவாசத்தை அளக்கும் கோல் ஆகாது. இறுதி நாளில் கலங்கிய ஒருவரை நினைத்து, அவர் நம்பிக்கை தளர்ந்து போனாரோ என ஐயுறும் குடும்பத்தார்க்கு இப்பகுதி பெருந்துணையாகும். எதிர்நோக்கு இங்கே தனியொருவன் உள்ளத்தின் உறுதியாக அன்றி, மூழ்குவோனைத் தாங்கும் மற்றொருவனாக வடிவெடுத்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உறக்கம், மலர், ஆறு என்னும் படிமங்கள் தமிழ் இரங்கல் மரபுக்கும் கிறித்தவ மரபுக்கும் பொதுவாக அமைந்து, நிலையாமை உணர்விலிருந்து உயிர்த்தெழுதல் எதிர்நோக்கு வேறுபடும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகின்றன. இரண்டாவது, வீரமாமுனிவர் கையறுநிலை மரபைக் கைவிடாமல், அதனுள்ளேயே எதிர்நோக்கை அமைத்துள்ளார். மூன்றாவது, இங்கு ஆராயப்பட்ட பனுவல்களுள் எதுவும் அழுகையையோ அச்சத்தையோ விசுவாசக் குறைவாகக் கருதவில்லை.

நிலையாமை கூறும் ஆறுதல், இழந்ததை விட்டுவிடக் கற்பிக்கிறது. கிறித்தவ ஆறுதல், இழந்ததை ஒப்படைத்துக் காத்திருக்கக் கற்பிக்கிறது. காத்திருப்போர்க்கு இடைப்பட்ட காலம் உண்டு. அழுகை அக்காலத்திற்கு உரியது. துயருற்றோரைத் தேற்றச் செல்வோர் முதலில் அவர்களை அழவிடுதலும் உடனிருத்தலும் இப்பனுவல்களின் நெறிக்கு இசைந்தனவே.