இடது காலின் வித்தை

நின்றிருக்கும் ஸ்போர்ட்ஸ் காரை ஒரே பாய்ச்சலில் கிளப்ப வேண்டும் என்றால், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். உண்மையில் முதல் இரண்டு விநாடிகள் இடது காலின் கையில் இருக்கின்றன. கிளட்ச் பெடலிலிருந்து அந்தக் கால் எப்படி எழுகிறது என்பதைப் பொறுத்தே கார் பாயும், திணறும் அல்லது நின்ற இடத்திலேயே டயரைத் தேய்க்கும். இதைப் புரிந்துகொள்ள ஹோண்டா எஸ்2000-ஐவிடச் சிறந்த கார் எனக்குத் தெரியவில்லை.

சோய்ச்சிரோ ஹோண்டா 1948-ல் நிறுவிய கம்பெனியின் 50-ஆம் ஆண்டையொட்டி உருவான இந்த இரண்டு இருக்கைக் கார் 1999-ல் விற்பனைக்கு வந்தது. 2009 வரை தயாரானது. பின்சக்கர இயக்கம். ஆறு கியர் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கிடையாது. டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், அமெரிக்காவுக்குப் போன தொடக்ககால வண்டிகளில் 240 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அந்தத் திறன் முழுதாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 8,300 சுற்றில். ஏறத்தாழ 6,000 சுற்றைத் தாண்டும்போதுதான் விடெக் எனும் வால்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு வேறொரு கேமுக்கு (வால்வைத் தள்ளும் மேட்டுக்கு) மாறி வால்வுகளை அதிகமாகத் திறக்கும். அதற்குக் கீழே அது சாதுவான 2 லிட்டர் எஞ்சின். எனவே சாலையில் கிளம்புவதுபோல மெதுவாகக் கிளட்ச்சை விட்டால் பாய்ச்சலே இருக்காது.

கிளட்ச்சுக்குள் நடப்பது எளிமையானது. எஞ்சினோடு சுழல்வது ஃப்ளைவீல். கியர்பாக்ஸோடு இணைந்தது கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டின் வலுவான ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து நசுக்குகிறது. பெடலை மிதித்தால் அந்தப் பிடி தளரும். இடைப்பட்ட நிலையில் இரண்டும் உரசியபடி வேறுவேறு வேகத்தில் சுழலும். நம் ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்பது இதைத்தான்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. உரசிக்கொண்டிருக்கும் கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைச் சக்கரங்களுக்கு அனுப்பும் என்பது, தகடுகள் எவ்வளவு அழுத்தமாக நசுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. எஞ்சின் 4,000 சுற்றில் ஓடுகிறதா, 7,000-லா என்பது அதை அநேகமாகப் பாதிக்காது. அதாவது ஹாஃப் கிளட்ச்சில் இருக்கும் வரை சக்கரத்துக்குப் போகும் விசையை அளந்து கொடுப்பது இடது கால். அந்தச் செலவுக்கு ஈடாக எஞ்சினை ஓடவைப்பது மட்டுமே வலது காலின் வேலை. கிளட்ச் எடுத்துக்கொள்வது எஞ்சின் தருவதைவிடக் கூடினால் எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் விழும். குறைந்தால் முள் ஏறும். முள் ஓரிடத்தில் நின்றால் வரவும் செலவும் சமம். கற்றுக்கொள்பவருக்கு அந்த முள்தான் ஆசிரியர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்2000 முதல் கியரில், 9,000 சுற்றில், மணிக்கு ஏறத்தாழ 65 கி.மீ. ஓடும். 5,000 சுற்றில் கிளம்பி முள்ளை அங்கேயே நிறுத்தினால், கார் சுமார் 36 கி.மீ. வேகத்தை எட்டும் வரை கிளட்ச் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். டயர் கொஞ்சம் வழுக்கிச் சுழன்றால் அது முன்னதாகவே முடியும். இப்படி உரசும்போது எஞ்சின் கொடுக்கும் ஆற்றலில் பாதி காரை நகர்த்துகிறது. மறுபாதி கிளட்ச்சில் வெப்பமாகிறது. ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 1,300 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், ஒரே கிளப்பலில் ஏறத்தாழ 65 கிலோஜூல் வெப்பம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். இந்த வெப்பம் கிளப்பும் சுற்றின் இருமடிப்படி ஏறுகிறது. 1,500 சுற்றில் சாதாரணமாகக் கிளம்பினால் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் அன்றாடம் ஓட்டும் கிளட்ச் பல்லாண்டு உழைக்கிறது. விடாமல் பந்தயக் கிளப்பல் பழகும் கிளட்ச் சீக்கிரமே கருகிய வாடை அடிக்கிறது. வாடை வந்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. அதன்பிறகும் தொடர்ந்தால் தகட்டின் மேற்பரப்பு பளபளப்பாகிப் பிடிப்பு போய்விடும்.

கிளட்ச்சைக் காப்பாற்ற நினைத்து, சுற்றை ஏற்றிவிட்டுக் காலைச் சட்டென்று பெடலிலிருந்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்போது ஃப்ளைவீல் சேமித்து வைத்திருக்கும் சுழற்சி ஆற்றல் ஒரே அடியாகக் கியர், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் ஷாஃப்ட் மேல் இறங்குகிறது. பிடிப்புள்ள டயர் என்றால் எங்கோ ஒன்று உடையும். பிடிப்பில்லாத டயர் என்றால் புகைதான் மிச்சம். 3,000 சுற்றில் இப்படிச் செய்தாலோ, எஸ்2000-ன் எஞ்சின் சுற்று இறங்கித் திணறி, 6,000-ஐ எட்டுவதற்குள் பந்தயம் கைவிட்டுப் போயிருக்கும்.

நல்ல கிளப்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை கால் வேகமாக எழ வேண்டும். அங்கே சிறிது நேரம் நிற்க வேண்டும். காரின் வேகம் எஞ்சினின் வேகத்தை எட்டப்போகும்போது மீதியை விட்டுவிடலாம். கால் அங்கே நிற்கும்போதே எடை பின்னால் சாய்ந்து பின்டயர்களை அழுத்தும். அந்த அழுத்தம் வந்தபின் அதிக விசையை டயர் தாங்கும். உலர்ந்த தாரில் டயர் துளியும் வழுக்காமல் உருளும்போது அதன் பிடிப்பு உச்சத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் வழுக்கும்போதுதான் கார் அதிகமாக இழுக்கும். அந்தக் கொஞ்சத்தைத் தாண்டவிடாமல் பிடித்துவைப்பதில்தான் திறமை தெரியும்.

ஃபார்முலா ஒன்னில் இந்த வேலையைக் கணினி செய்த காலம் உண்டு. 2004-ல் அந்தத் தானியங்கிக் கிளப்பலுக்குத் தடை வந்தது. 2015 பெல்ஜியம் பந்தயத்திலிருந்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பற்றிப் பொறியாளர்கள் ரேடியோவில் சொல்லிக்கொடுப்பதும் நின்றது. ஓட்டுநரின் உணர்வே தீர்மானிக்கட்டும் என்று விதி எழுதியவர்கள் நினைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

பழக நினைத்தால், முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி உட்கார்ந்தால் பெடலின் சில சென்டிமீட்டர் நகர்வை அளக்க முடியாது. பிறகு சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சால் மட்டுமே காரை நகர்த்திப் பாருங்கள். பிடிக்கும் இடம் எங்கே என்று காலுக்கே தெரிந்துபோகும் வரை அதையே செய்யுங்கள். அடுத்து 2,000 சுற்று, பிறகு 3,000. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே சில நிமிடம் சாதாரணமாக ஓட்டிக் கிளட்ச்சை ஆறவிடுங்கள். பாதுகாப்புப் பணியாளர்களும் மூடிய பாதையும் உள்ள தளங்கள் நம்மிடம் இருக்கின்றன: சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், கோவை செட்டிபாளையத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கான இடம் இல்லை. தயவுசெய்து அங்கே முயலாதீர்கள்.