விரலுக்குக் கீழே நடப்பது

அகளி வட்டாரத்தில் கீபோர்டு வாங்க வேண்டுமென்றால் ஆனைகட்டி வழியாக மலையிறங்கிக் கோயம்புத்தூர் போகிறோம். கடையில் ஒவ்வொன்றாக ஸ்டைல், அதாவது தானாக ஓடும் தாளப் பின்னணி, போட்டுக் கேட்கிறோம். இதில் தபேலா எடுப்பாக இருக்கிறது, அதில் ஸ்ட்ரிங்ஸ் நன்றாக இருக்கிறது என்று சவுண்டை வைத்தே முடிவு செய்துவிடுகிறோம். பியானோ பழகிய கைக்கு இது போதாது. சவுண்டைக் கேட்பதற்கு முன் கீயைச் சோதிக்க வேண்டும்.

பியானோவின் கீ ஒரு நெம்புகோல். அதன் மறுமுனை ஒரு சுத்தியலை எறிகிறது. சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் தானே விலகிக்கொள்ளும். இத்தாலியரான பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் உருவாக்கிய இந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் அடிப்படை. கீயை இறக்கச் சுமார் 50 கிராம் எடை வேண்டும். அது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்கும். மந்தர ஸ்தாயியில் சுத்தியல் கனமானது, வலப்பக்கம் போகப்போக இலேசாகும். பியானோ கலைஞரின் விரல்கள் ஆண்டுக்கணக்கில் இந்த எடையோடுதான் பழகுகின்றன.

ஆனால் இப்படி ஸ்டைல் போட்டு வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டுகள் பெரும்பாலானவற்றில் சுத்தியல் கிடையாது. பிளாஸ்டிக் கீ, அதை மேலே தூக்கி நிறுத்த ஒரு ஸ்பிரிங், அடியில் ஒரு ரப்பர் குமிழ், அவ்வளவுதான். குமிழுக்குள் இரண்டு கார்பன் பொட்டுகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். கீ இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது பிறகு தொடும். இடையில் கழிந்த நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் ஒலி கூடும், நேரம் நீண்டால் ஒலி தணியும். 1983இல் வந்த மிடி என்ற மின்னிசைக் குறியீட்டு முறைப்படி இந்த அளவு 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகிறது. ஆக, நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது கருவிக்குத் தெரியாது. எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பது மட்டுமே தெரியும்.

சிக்கல் இங்கேதான். சுத்தியல் அசையத் தொடங்கும்போது எதிர்க்கும், பிறகு ஓடிவிடும். ஸ்பிரிங் தொடக்கத்தில் இடம் கொடுத்து, இறங்க இறங்க எதிர்க்கும். பியானோக் கை ஸ்பிரிங் கீயில் இறங்கினால் எதிர்பார்த்த எடை கிடைக்காமல் விரல் பாய்ந்துவிடும். மெல்லிசாக வாசிக்க நினைத்த இடமெல்லாம் உரக்கக் கேட்கும். இதற்குக் கருவிக்குள்ளேயே ஒரு மருந்து இருக்கிறது. டச் அமைப்பை 'ஹார்ட்' பக்கம் மாற்றினால், வேகமாக அடித்தால்தான் ஒலி உயரும். வாங்கிய நாளிலிருந்து அந்த மெனுவைத் திறந்தே பார்க்காதவர்கள் நம்மில் பலர்.

இலேசான கீயை மட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. நம் ஊர்களில் கீபோர்டுக்கு வந்த கைகள் பல ஆர்மோனியத்திலிருந்து வந்தவை. ஆர்மோனியத்தில் ஒலியைக் கூட்டிக் குறைப்பது துருத்தி. கீயை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் பயனில்லை. அந்தக் கையால் வேகமான பிருகாக்களை இலேசான கீயில்தான் வாசிக்க முடியும். பியானோவே ஒரு காலத்தில் இலேசாகத்தான் இருந்தது. மொஸார்ட் வைத்திருந்த வால்ட்டர் பியானோவில் ஐந்து ஸ்தாயி, 61 கீகள். இன்றைய பியானோவைவிடக் கீ இறங்கும் ஆழமும் அழுத்த வேண்டிய எடையும் அதற்குக் குறைவு.

இன்னொன்று, தூக்கிச் செல்லும் கஷ்டம். 2019இல் வந்த யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900, 61 ஸ்பிரிங் கீகளோடு 11.5 கிலோ. அதே யமஹாவின், சுத்தியல் பொருத்திய 88 கீகள் கொண்ட டிஜிஎக்ஸ்-670, 21 கிலோவைத் தாண்டும். திருவிழா மேடைக்கும் தேவாலயத்துக்கும் மலைப்பாதையில் ஜீப்பில் ஏற்றி இறக்குபவருக்கு அந்தப் பத்து கிலோ சும்மா இல்லை. ஆனால் வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பிள்ளைக்குப் பியானோ கிரேடு சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சுத்தியல் கீ உள்ளதையே வாங்குங்கள். டிரினிட்டி இசைத் தேர்வுகளில் பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். விரலுக்கான பயிற்சியும் வேறு வேறு.

கடையில் ஸ்டைலை நிறுத்திவிட்டு, பியானோ சவுண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கீகளுக்கு நடுவே, வெள்ளைக் கீயின் உட்புறத்தில் அழுத்திப் பாருங்கள். மலிவான கருவிகளில் கீ ஊன்றி ஆடும் அச்சு விரலுக்கு மிக அருகில் இருப்பதால் அந்த இடம் கல்லாக இருக்கும். கறுப்புக் கீ கலந்த கார்டுகளில் கட்டைவிரல் போய் விழுவது அங்கேதான். பிறகு ஒரே கீயை விரல் மாற்றி மாற்றி விரைவாகத் தட்டுங்கள். இரண்டு தொடுபொட்டு உள்ளதில், கீ நன்றாக மேலே வந்தால்தான் அடுத்த ஒலி பிறக்கும். மூன்று உள்ளவற்றில் பாதி எழுந்தாலே போதும்.

பழைய கருவி வாங்குபவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை எல்லாக் கீகளையும் ஒரே மெல்லிய அழுத்தத்தில் வரிசையாக வாசியுங்கள். நடுவில் ஒரு கீ மட்டும் கத்தினால் முதல் பொட்டில் தூசி படிந்து அது தாமதமாகத் தொடுகிறது என்று பொருள். இடைவெளி சுருங்கியதால் கருவி அதை வேகமான அடியாக எண்ணிக்கொள்கிறது. பெரும்பாலும் ரப்பர் பட்டையைக் கழற்றித் துடைத்தாலே சரியாகிவிடும். விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்.