தவிட்டுப் பசையும் முகக் கிரீமும்

தஞ்சாவூர், திருவாரூர் அரவை ஆலைகளில் அரிசி ஒருபக்கம் போனால், தவிடு எண்ணெய் ஆலைக்கு லாரி ஏறுகிறது. பச்சரிசித் தவிடென்றால் அவசரம். அரைத்த சில மணி நேரத்திலேயே லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். காறல் வாடை வரும். புழுங்கல் தவிட்டுக்கு அந்தக் கவலை குறைவு. நெல்லை அவிக்கும்போதே நொதி செத்துவிடுகிறது. எண்ணெயும் கூடுதல், நூறு கிலோத் தவிட்டில் 20 கிலோவுக்கு மேல்கூட.

அந்த எண்ணெயைச் சுத்திகரிக்கையில் சூடாக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குவார்கள். பழுப்பாக, கொழகொழவென்று ஒரு பசை பிரியும். அதில் லெசித்தின் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் உள்ள அதே லெசித்தின்தான். சந்தையில் என்னவோ சோயாவின் ராஜ்ஜியம்.

லெசித்தின் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை. கலக்கும்போது உடைகிற எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்துகொண்டு, அவை மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கும். இந்த வேலையைச் செய்கிற பொருள்தான் பால்மமாக்கி. கிரீம், லோஷன் எல்லாம் அதன் தயவில் நிற்பவை. அது இல்லாவிட்டால் டப்பாவில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வடிகஞ்சியில் குழைத்த சீயக்காய் செய்வதும் இதைத்தான். அதிலுள்ள சபோனின் தலையின் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து இறக்கிவிடுகிறது. சிக்கலும் இங்கேதான். தோலுக்கும் சொந்தக் கொழுப்பு உண்டு. ஈரம் வெளியேறாமல் காப்பது அதுதான். கடுமையான பால்மமாக்கி நெடுநேரம் தங்கினால் அதையும் கலைத்துவிடும்.

பிரிட்டனில் ‘அக்வஸ் கிரீம்’ என்ற மலிவான கிரீமைக் கரப்பானுக்குப் பல காலம் பூசிவந்தார்கள். அதில் ஏறக்குறைய 1 சதவீதம் சோடியம் லாரில் சல்பேட் என்ற கடுமையான பால்மமாக்கி. பூசிய 20 நிமிடங்களுக்குள் எரிச்சலும் அரிப்பும் வரலாம், குறிப்பாகக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு என்று 2013இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இதே சல்பேட் சில ஷாம்பூக்களிலும் உண்டு. அது உடனே கழுவப்பட்டுவிடுவதால் பலருக்குத் தொல்லையில்லை.

லெசித்தின், கிளிசரில் ஸ்டியரேட் போன்றவை பெரும்பாலோருக்கு மென்மையானவை. சீட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்; அது மெழுகு மாதிரி ஒரு பொருள், தோலை உலர்த்தாது. ‘கெமிக்கலே இல்லாத கிரீம்’ என்று விற்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம். தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். கிருமியைத் தடுக்கப் பதப்பொருள் வேண்டும். கிரீமால் வரும் ஒவ்வாமைக்குப் பல சமயம் காரணம் அந்தப் பதப்பொருளும் வாசனையுமே.

நடவு முடிந்து கால் வெடித்தவர்களுக்கு வாசலின் போன்ற தண்ணீர் சேராத களிம்பே போதும். அதற்குப் பால்மமாக்கியே தேவையில்லை. விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தால் மட்டும் களிம்பைப் பூசி ஈரத்தை அடைத்துவைக்காமல், நன்றாக உலர்த்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.