பெயருக்குள் ஓர் ஊர்



சென்ற ஆண்டு என் பேரனின் பள்ளி விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தோம். இங்கே நாகபுரியில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயர், தந்தை பெயர், சர்நேம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். பேரன் எட்டாம் வகுப்பு. உடன் படிப்பவர்கள் தேஷ்பாண்டே, வான்கடே, குல்கர்னி. "தாத்தா, நம்ம சர்நேமுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான்.

ஊரில் இருந்தவரை என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துக்கள் இருந்தன. 'ம' என்பது மன்னார்குடி. 'வே' என்பது என் தகப்பனார். டிப்ளமா முடித்து ரயில்வே வேலைக்காக வடக்கே வந்தபோது, இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். தகப்பனார் பெயரை மட்டும் எழுதினேன். அதுவே இன்று மூன்று தலைமுறைக்கும் சர்நேம். ஊர்ப் பெயரின் எழுத்து அன்றே உதிர்ந்துவிட்டது. நானும் கவலைப்படவில்லை.

பேரனுக்குப் பதில் சொல்ல, எனக்கு நன்கு தெரிந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பப் பெயரின் கதையைச் சொன்னேன். நான் வேலையில் சேர்ந்தபோது லோகோ ஷெட்டில் நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இன்ஜின்களுக்கெல்லாம் பாட்டனார் யார் என்று கேட்டால் பலரும் ஸ்டீஃபன்சன் என்பார்கள். உண்மையில் தண்டவாளத்தின் மேல் முதன்முதலில் நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டியவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். அவர் குடும்பப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் ஊர் இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் கால் நீட்டியதுபோல் இருக்கும் பகுதி கார்ன்வால். அங்கே ஆங்கிலத்துக்கு முன்பிருந்தே பேசப்பட்டது கார்னிஷ் என்னும் தனி மொழி. அது வேல்ஸ் மொழிக்கும் பிரிட்டனி பகுதியின் பிரெத்தோன் மொழிக்கும் நெருங்கிய உறவு. கார்னிஷில் 'ட்ரெ' என்றால் குடியிருப்பு. நாம் காரைக்குடி, மன்னார்குடி என்கிறோமே, அந்தக் 'குடி'தான். நமக்குக் கடைசியில் வருவது அவர்களுக்கு முதலில் வருகிறது. 'பொல்' என்றால் குளம். 'பென்' என்றால் தலை அல்லது முனை. 'ரொஸ்' என்றால் புதர்க்காடு அல்லது மேட்டுநிலம். ட்ரெ, பொல், பென் என்று பெயர் தொடங்கினால் ஆள் கார்ன்வால்காரர் என்று அங்கே ஒரு பழைய வழக்கே உண்டு. 2020-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் பென்ரோஸின் பெயரில் இவற்றில் இரண்டு சொற்கள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர் ஆதிகாலம் முதல் இருந்ததல்ல. 1066-இல் நார்மானியர் படையெடுத்து வந்தபின், நிலம், வரி, வாரிசுரிமை ஆகியவற்றின் கணக்கு வழக்குக்காகச் சிறிது சிறிதாக ஏற்பட்டது. தொழிலைக் கொண்டு ஸ்மித், டெய்லர் என்றும், தகப்பன் பெயரைக் கொண்டு ஜான்சன் என்றும், ஊரைக் கொண்டும் பெயர்கள் நிலைத்தன. 1538-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு கோயில் பங்கிலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் மாறாதல்லவா? கார்ன்வாலில் பெரும்பாலும் நிலைத்தவை ஊர்ப் பெயர்கள். ட்ரெவிதிக் என்ற பெயரில் அங்கே இன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. எந்தக் குடிக்காரர் என்று கேட்டதற்குச் சொன்ன பதிலே குடும்பப் பெயராகிவிட்டது.

இதே வகைப் பெயர் ஒன்று சென்னைக்கும் வந்திருக்கிறது. 1859-இல் சென்னை மாகாண கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் குடும்பப் பெயரும் கார்ன்வாலில் உள்ள ஒரு 'ட்ரெ'தான். கல்கத்தா அரசாங்கத்தின் புதிய வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-இலேயே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

இனி நம் ட்ரெவிதிக்குக்கு வருவோம். 1771-இல் ட்ரெகஜோரன் என்ற இடத்தில் பிறந்தார். பிறந்த இடமும் ஒரு 'ட்ரெ'! தகப்பனார் சுரங்க மேலாளர். பூமிக்கடியில் வெள்ளீயமும் தாமிரமும் நிறைந்த வட்டாரம் அது. ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறும். அதை இறைக்க நீராவி இன்ஜின் வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே கொஞ்சம் கரியில் நிறைய வேலை வாங்கும் இன்ஜினுக்குத்தான் அங்கே மதிப்பு. ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை 1800-இல் முடிந்தது. வாட் அஞ்சி ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியை ட்ரெவிதிக் துணிந்து கையாண்டார். அழுத்தம் கூடினால் சிலிண்டர் சிறிதாகும், இன்ஜின் இலேசாகும், இலேசான இன்ஜினைச் சக்கரத்தின் மேல் ஏற்றலாம். ரயில் இன்ஜின் பிறந்த சூட்சுமம் இதுவே.

1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவருடைய நீராவி வண்டி கேம்போர்ன் ஊர்ச் சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடேறியது. 1804 பிப்ரவரி 21-ஆம் தேதி வேல்ஸில் பெனிடேரன் இரும்பாலையின் தண்டவாளத்தில் அவருடைய இன்ஜின் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் 9 மைலுக்கு மேல் இழுத்துச் சென்றது. இன்ஜின் வென்றது, தண்டவாளம் தோற்றது. வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் பாரம் தாங்காமல் உடைந்தன. ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். இன்ஜின் மட்டும் தயாரானால் போதாது, பாதையும் தயாராக வேண்டும்.

1816-இல் அவர் பெரு நாட்டுக்குக் கப்பலேறினார். செர்ரோ தெ பாஸ்கோ வெள்ளிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அவருடைய இன்ஜின்கள் சென்றிருந்தன. அங்கே விடுதலைப் போர் மூண்டு பிழைப்பு நாசமாயிற்று. ஊரில் மனைவி ஜேன் ஆறு பிள்ளைகளோடு பிறந்த வீட்டாரின் ஆதரவில் காலம் தள்ளினார். 1827-இல் கொலம்பியாவின் கார்ட்டஹேனா துறைமுகத்தில், கையில் காசின்றி நின்ற ட்ரெவிதிக்கைத் தற்செயலாகச் சந்தித்து, ஊர் திரும்ப 50 பவுன் கொடுத்தவர் ராபர்ட் ஸ்டீஃபன்சன். யாருடைய புகழால் ட்ரெவிதிக் மறக்கப்பட்டாரோ, அதே ஜார்ஜ் ஸ்டீஃபன்சனின் மகன்! 1833-இல் டார்ட்ஃபோர்டில் ட்ரெவிதிக் இறந்தபோது, உடன் வேலை செய்த தொழிலாளர்கள் செலவேற்று அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு அடையாளக் கல் கூட வைக்கவில்லை.

ஆனால் பெயர் நிற்கவில்லை. மகன் ஃபிரான்சிஸ், க்ரூ நகரின் ரயில்வே பணிமனைக்குத் தலைவரானார். 1847-இல் அங்கே அவர் கட்டிய ஓர் இன்ஜினின் பெரிய சக்கரத்தின் விட்டம் எட்டரை அடி. இன்றும் பாதுகாக்கப்பட்டுவரும் அந்த இன்ஜினுக்கு அவர் வைத்த பெயர் 'கார்ன்வால்'. பேரர்களோ இன்னும் தூரம் போனார்கள். ஃபிரான்சிஸ் ஹென்றி 1876-இல் ஜப்பான் ரயில்வேக்குச் சென்றார். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் ஃபிரான்சிஸும் பின்னால் சென்றார். அதுவரை இன்ஜின்களை இறக்குமதி செய்துவந்த ஜப்பான், 1893-இல் கோபே பணிமனையில் சொந்தமாக ஒன்றைக் கட்டி முடித்தது. அதை முன்னின்று கட்டுவித்தவர் அந்த ரிச்சர்ட்தான். இன்னொரு பேரர் எகிப்து ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளரானார்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1860-களில் தாமிரத்தின் விலை விழுந்தது. கார்ன்வால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அங்கிருந்து கடல் கடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா, கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி, மெக்சிகோவின் ரியல் தெல் மோந்தே என்று எங்கே சுரங்கம் உண்டோ அங்கே போனார்கள். அவர்களுக்குக் 'கசின் ஜாக்' என்று செல்லப் பெயர். ஒருவருக்கு வேலை கிடைத்தால், 'ஊரில் என் கசின் ஜாக் இருக்கிறான், அவனையும் வரவழைக்கட்டுமா?' என்று கேட்பாராம். நம் ஆட்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் வந்ததும் இப்படித்தானே?

1880-இல் கோலார் தங்கவயலை ஜான் டெய்லர் கம்பெனி எடுத்து நடத்தத் தொடங்கியபோது, கார்ன்வால் சுரங்க வல்லுநர்கள் அங்கும் வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்களும் வந்தன. மேற்பார்வையாளர், கூலியாள் என்ற பெரிய வித்தியாசம் இருந்தது. பங்களாவும் லயமும் ஒன்றல்ல. ஆயினும் இரு தரப்பாருமே பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தாம். 2001-இல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கார்னிஷ் மொழி என்ன ஆயிற்று? வீட்டில் ஆங்கிலம் நுழைந்தது. பிழைப்புக்கு அதுவே போதும் என்றாயிற்று. 1777-இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரப் பாட்டியைத்தான் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று மரபாகச் சொல்வார்கள். 'பென்ட்ரீத்' என்றால் கடற்கரைத் தலை. அதாவது, பின்னாளில் ஆஸ்திரேலியாவிலும் மெக்சிகோவிலும் இறங்கிய ட்ரெவிதிக்குகளுக்கும் பென்ரோஸ்களுக்கும் தங்கள் பெயரின் பொருள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மொழி நாக்கிலிருந்து போய்விட்டது. பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1904-இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் மொழிக்கு ஒரு கையேடு வெளியிட்டார். பழைய நாடகச் சுவடிகளிலிருந்தும் ஊர்ப் பெயர்களிலிருந்தும் சொற்களைத் தேடிச் சேர்த்து, ஆர்வலர்கள் மீண்டும் பேசக் கற்றார்கள். 2002-இல் பிரிட்டிஷ் அரசு அதை ஒரு மொழியாக அங்கீகரித்தது. மூன்டா வட்டாரத்தில் 1973 முதல் நடக்கும் கார்னிஷ் விழாவுக்கு அந்த மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் பேரனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபோது இரவு மணி பத்து. அவன் தமிழ் பேசுவான். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "அப்படின்னா 'ம' எங்கே போச்சு, தாத்தா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைக் கைவிட்டவன் நான்தானே. சர்நேம் கட்டத்தில் பழையபடி தகப்பனார் பெயரையே எழுதினோம். சர்டிபிகேட்டுகளை இனி மாற்ற முடியாது. ஆனால் அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'மன்னார்குடி' என்று தமிழில் எழுதச் சொன்னேன். 'ன்' ஒன்றை விட்டுவிட்டான், திருத்தினேன். 'குடி' என்றால் என்ன என்று அவனே அதன் கீழே எழுதிவைத்தான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இனிஷியலில் ஓர் ஊர் ஒளிந்திருக்கலாம். சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு அதை விரித்துச் சொல்லிவிடுங்கள். பெயர் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அதன் பொருள் பிழைப்பது நாம் சொல்வதில்தான் இருக்கிறது.